கோர்வேர் காரும் அதன் அடியில் பொருத்தப்பட்ட ஒரு ஸ்பிரிங்கும்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபியோடு உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். பாதியில் நிறுத்தி நாளைக்குப் படித்தாலும் சரிதான்.

நம் பிள்ளைகளில் சிலர் வெளிநாட்டில் வேலை பார்த்துக்கொண்டே பழைய வேகக் கார் ஒன்றை வாங்கி வீட்டு கராஜில் நிறுத்தி, சனி ஞாயிறுகளில் அதைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். படமும் அனுப்புகிறார்கள். "சார், சஸ்பென்ஷனை மாற்றப் போகிறேன். இன்னும் கெட்டியான ஸ்பிரிங் போட்டால் வளைவில் நன்றாக நிற்கும்தானே?" என்று கேட்பவர்களும் உண்டு. நான் மெக்கானிக் இல்லை, இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன். அதனால் அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லாமல் ஒரு வரலாற்றைச் சொல்கிறேன். அமெரிக்காவில் 60 ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது. ஒரு காரின் சஸ்பென்ஷன் நீதிமன்றம் ஏறி, செனட் சபைக்குப் போய், கடைசியில் ஒரு நாட்டின் சட்டத்தையே மாற்றிய கதை. நடுவில், சாதாரண மக்கள் தங்கள் வீட்டு கராஜில் படுத்துக்கொண்டு பொருத்திய ஒரு சின்ன ஸ்பிரிங்கும் வருகிறது.

*கார் பிறந்த கதை*

1950களின் அமெரிக்கக் கார்கள் எப்படி இருந்தன என்று பழைய ஆங்கிலப் படங்களில் பார்த்திருப்பீர்கள். படகு மாதிரி நீளம், முன்னால் பெரிய எஞ்சின், பின்னால் இறக்கை. அப்போது ஜெர்மனியிலிருந்து வந்த ஃபோக்ஸ்வேகன் பீட்டில் என்ற சின்ன வண்டி அங்கே நன்றாக விற்கத் தொடங்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் செவர்லே பிரிவுக்குத் தலைவராக இருந்த எட் கோல் என்ற பொறியாளர் அதற்குப் பதிலாக ஒரு சின்னக் காரைக் கொண்டுவந்தார். அதுதான் கோர்வேர். 1959 அக்டோபரில், 1960ஆம் ஆண்டு மாடலாக விற்பனைக்கு வந்தது.

துணிச்சலான வண்டி. அலுமினியத்தில் செய்த 6 சிலிண்டர் எஞ்சின், தண்ணீர் வேண்டாம், காற்றே குளிர்விக்கும். எஞ்சின் பின்னால், டிக்கி முன்னால். பார்க்கவும் அழகு. முதலில் சிக்கன வண்டியாகத்தான் நினைத்தார்கள். ஆனால் தனித்தனி இருக்கையோடு மோன்சா என்ற வகை வந்ததும் இளைஞர்கள் இதை ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி பார்க்கத் தொடங்கினார்கள். 1962ல் டர்போ பொருத்திய மோன்சா ஸ்பைடர் வந்தது, 150 குதிரைத்திறன். டர்போவோடு பொதுமக்களுக்கு விற்கப்பட்ட உலகின் முதல் கார்களில் இதுவும் ஒன்று.

எஞ்சினின் வேகம் கூடியது. பின் சக்கரத்தைப் பிடித்திருந்த அமைப்பு மட்டும் பழையதாகவே இருந்தது. அதற்குப் பெயர் ஸ்விங் ஆக்சில்.

*ஸ்விங் ஆக்சில் என்றால் என்ன?*

இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டிக்கொள்ளுங்கள். முழங்கையும் மணிக்கட்டும் மடங்கக் கூடாது, தோள் மட்டும் அசையலாம். உள்ளங்கைதான் சக்கரம், தோள்தான் டிஃபரென்ஷியல் பக்கத்தில் இருக்கும் மூட்டு. இப்போது கையை மேலே தூக்கினால் உள்ளங்கை ஒரு பக்கம் சாய்கிறது, கீழே இறக்கினால் மறுபக்கம் சாய்கிறது. எப்போதும் நேராக நிற்பதில்லை. ஸ்விங் ஆக்சில் அவ்வளவுதான். ஒவ்வொரு பின் சக்கரத்துக்கும் ஒரே ஒரு மூட்டு, அதுவும் உள்பக்கம்.

எட்மண்ட் ரும்ப்ளர் என்பவர் 1903ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். மோசமான யோசனை இல்லை. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றது பாதிக்காது, எடை குறைவு, செலவும் குறைவு. பீட்டிலில் இருந்தது. 1954ல் வந்த, கதவுகள் மேல்நோக்கித் திறக்கும் மெர்சிடிஸ் 300 எஸ்எல் என்ற புகழ்பெற்ற வேகக் காரிலும் இதுதான். நம் மெட்ராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டிலும் இதுதான். வயதான உறவினர்களுக்கு ஞாபகம் இருக்கும்: ஹெரால்டை ஜாக்கி வைத்துப் பின்னால் தூக்கினால், சக்கரங்கள் இரண்டும் அடிப்பக்கம் உள்ளே மடங்கித் தொங்கும். அந்தத் தோற்றத்தை மனதில் வையுங்கள். நாம் பேசப்போகும் ஆபத்து அதுதான்.

*ஏணியும் சக்கரமும்*

சுவரில் ஓர் ஏணியைச் சாய்த்து வைத்திருக்கிறீர்கள். அதன் அடியைச் சுவரை நோக்கித் தள்ளினால் மேல்முனை என்ன ஆகும்? ஏறும், இல்லையா?

கார் வேகமாக வளைவில் திரும்பும்போது, வெளிப்பக்கத்துப் பின் சக்கரத்தைச் சாலை உள்நோக்கித் தள்ளுகிறது. அந்த விசை தரையில் செயல்படுகிறது. மூட்டு அதைவிட உயரத்தில் இருக்கிறது. ஆகவே தரையிலிருந்து மூட்டு வரை ஒரு சாய்ந்த ஏணி இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அடியைத் தள்ளினால் மேல்முனை ஏறுகிறது, அதாவது காரின் பின்பகுதி மேலே எழும்புகிறது. எழும்பியதும் சக்கரம் உள்ளே மடங்குகிறது. மடங்கியதும் டயர் முழு அகலத்தில் பதியாமல் ஓரத்தில் நிற்கிறது, பிடிமானம் குறைகிறது. அதோடு ஏணி இன்னும் செங்குத்தாகிவிட்டதால், அதே தள்ளல் இன்னும் அதிகமாகத் தூக்குகிறது. தன் விளைவைத் தானே வளர்த்துக்கொள்ளும் வினை இது. ஓட்டுநர் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், எடை முன்னால் போய்ப் பின்பகுதி இன்னும் லேசாகிறது. பின்பக்கம் சுழன்றுகொண்டு வெளியே வருகிறது. மிஞ்சினால் வண்டி உருண்டுவிடும்.

கோர்வேரில் எஞ்சின் பின்னால் இருந்ததால் எடையில் 60 சதவீதத்துக்கு மேல் பின் சக்கரங்களின் மேல். ஆகவே பின்பக்கம் வழுக்கத் தொடங்கினால் அதை நிறுத்துவது கஷ்டம். முன்னால் எஞ்சின் வைத்த கார்களிலேயே ஓட்டிப் பழகிய ஒருவருக்கு இது முற்றிலும் புதிது. சாதாரணமாக ஓட்டும்போது எந்த அறிகுறியும் தெரியாது. அவசரத்தில் ஒருமுறை ஸ்டீயரிங்கை வெட்டித் திருப்பும்போதுதான் தெரியும்.

*நிறுவனம் செய்த தீர்வு: காற்று*

செவர்லே பொறியாளர்களுக்கு இது தெரியாமல் இல்லை. கார்களின் சஸ்பென்ஷனைக் கணக்குப்போட்டு ஆராய்ந்த முன்னோடிகளில் ஒருவரான மாரிஸ் ஆலி, ஜெனரல் மோட்டார்ஸிலேயே பல ஆண்டுகள் வேலை செய்தவர்.

தீர்வும் தெரிந்ததுதான். முன் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் ஓர் இரும்புக் கம்பி, ஆன்டி-ரோல் பார். அது எப்படிப் பின்பக்கத்துக்கு உதவும் என்று கேட்பீர்கள். இதைக் கவனமாகப் படியுங்கள், பதிவின் உயிர்நாடி இதுதான்.

டயரின் பிடிமானம் அதன் மேல் வரும் எடைக்கு நேர்விகிதத்தில் கூடுவதில்லை. எடை இரட்டிப்பானால் பிடிமானம் இரட்டிப்பைவிடக் குறைவாகவே கூடும். இரண்டு பேர் ஆளுக்கு 40 கிலோ தூக்கி நடந்தால் சமாளிப்பார்கள். ஒருவர் தலையில் 70, இன்னொருவர் தலையில் 10 என்று வைத்தால் மொத்தம் அதே 80தான், ஆனால் முதல் ஆள் தடுமாறுவார். வளைவில் வண்டி சாயும்போது, எந்த முனையில் கெட்டித்தன்மை அதிகமோ, அந்த முனையில்தான் எடை அதிகமாக வெளிச் சக்கரத்துக்குப் போகும். அந்த முனைதான் முதலில் பிடிமானம் இழக்கும். முன்பக்கம் முதலில் வழுக்கினால் வண்டி கொஞ்சம் நேராகப் போகும். காலை எடுத்தால் வேகம் குறைந்து திரும்பிவிடும். சாதாரண ஓட்டுநரால் சமாளிக்கக்கூடியது அது. ஆகவே முன்பக்கத்தில் கம்பி போட்டால், பின்பக்கம் வழுக்குவது தள்ளிப்போகிறது.

அந்தக் கம்பியை 1960 கோர்வேரில் போடவில்லை. செலவு ஒரு காரணம். அதற்குப் பதில் டயர் காற்றை நம்பினார்கள். முன்னால் 15 பவுண்டு, பின்னால் 26 பவுண்டு. முன் டயர் தொளதொளவென்று இருந்தால் முன்பக்கம் மெதுவாகத் திரும்பும், அதே விளைவு கிடைக்கும் என்பது கணக்கு.

காகிதத்தில் கணக்கு சரி. ஆனால் காற்று அடிப்பவர் யார்? பெட்ரோல் பங்க் பையன். நான்கு டயருக்கும் ஒரே அளவு அடிப்பதுதான் உலக வழக்கம். முன் டயர் தொளதொளப்பாக இருப்பதைப் பார்த்தால் எந்த நல்ல மனிதனும் இன்னும் கொஞ்சம் காற்று அடித்துத்தான் அனுப்புவான். அடித்த நொடியில் அந்தக் காரின் பாதுகாப்பு கரைந்துவிடும். கையேட்டில் எழுதியிருந்தது உண்மைதான். ஏன் இந்த வித்தியாசம், மாற்றினால் என்ன ஆகும் என்று வாங்கியவர்களுக்கு யாரும் அழுத்திச் சொல்லவில்லை.

*வீட்டு கராஜில் வந்த தீர்வு*

கலிபோர்னியாவில் ரிவர்சைடு என்ற ஊரில் ஜோ விட்டோன் என்பவர் ஃபோக்ஸ்வேகன் வியாபாரி. ஈ.எம்.பி.ஐ. என்ற பெயரில் உதிரிப் பாகங்களும் செய்து விற்றார். பீட்டிலின் ஸ்விங் ஆக்சிலுக்காக ஒரு சாமான் கொண்டுவந்தார்கள். கோர்வேர் வந்ததும் அதற்கும் செய்தார்கள். பெயர் கேம்பர் காம்பென்சேட்டர். பெயர்தான் பெரிது. பொருள், காரின் அடியில் குறுக்காக மாட்டும் ஒரு லீஃப் ஸ்பிரிங், அவ்வளவே. லாரியின் அடியில் பார்ப்பீர்களே, அந்த இனம், அளவில் சின்னது.

அதன் நடுப்பகுதி கியர்பாக்ஸின் அடியில் மாட்டப்படும். இரண்டு முனைகளும் இரண்டு ஆக்சில்களையும் கீழிருந்து தாங்கும். நடுவில் ஊஞ்சல் பலகை போல ஆடும். ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் தடுக்காது. ஆனால் வளைவில் உள்சக்கரம் தொங்கும்போது, பலகையின் மறுமுனை வெளிச் சக்கரத்தின் ஆக்சிலை மேல்நோக்கி அழுத்தும். இரண்டு சக்கரமும் ஒருசேரக் கீழே மடங்கப் பார்த்தால் ஸ்பிரிங் எதிர்த்து நிற்கும். ஏணி செங்குத்தாக விடாமல் பிடித்துக்கொள்ளும் கை அது.

இதன் அழகு என்னவென்றால், இது பின்பக்கத்தைக் கெட்டியாக்கவில்லை. சாய்வுக்கு எதிரான பின்பக்கக் கெட்டித்தன்மையைக் கூட்டாமலேயே மடங்குவதை மட்டும் தடுத்தது. இதற்குப் பதில் ஒருவர் கெட்டியான காயில் ஸ்பிரிங்கைப் பின்னால் மாட்டியிருந்தால்? வண்டி ஆடாமல் உறுதியாக இருப்பதுபோல் தெரியும். ஆனால் மேலே சொன்ன எடைக் கணக்குப்படி, பின்பக்கம் இன்னும் சீக்கிரம் பிடிமானம் இழக்கும்.

கோர்வேர் வாங்கிய பலர் இதை வரவழைத்து, வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, சில சாவிகளை வைத்துக்கொண்டு தாங்களே பொருத்தினார்கள். அதோடு முன்பக்கக் கம்பி, நல்ல ஷாக் அப்சார்பர்.

அந்தக் காலத்தில் கோர்வேரைத் திருத்தியவர்களில் இன்னொருவர் ஜான் ஃபிட்ச். இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1955ல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் ஒரு மெர்சிடிஸ் கார் கூட்டத்துக்குள் பாய்ந்து 80 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தக் காரில் அடுத்த முறை ஏறி ஓட்டக் காத்திருந்தவர் ஃபிட்ச். அவர் கனெக்டிகட் மாநிலத்தில் கோர்வேர்களின் சஸ்பென்ஷனையும் ஸ்டீயரிங்கையும் திருத்தி ஃபிட்ச் ஸ்பிரிண்ட் என்ற பெயரில் விற்றார். முழு வண்டியாகவும் வாங்கலாம், உதிரிகளாக வாங்கி வீட்டில் மாட்டிக்கொள்ளவும் செய்யலாம். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் பாலத்தூண்களுக்கு முன்னால் மஞ்சள் பீப்பாய்களில் மணல் நிரப்பி வைத்திருப்பார்கள், அங்கே இருக்கும் பிள்ளைகள் தினம் பார்ப்பீர்கள். மோதும் காரின் வேகத்தைத் தின்றுவிடும் அந்த அமைப்பும் இதே ஃபிட்ச் கண்டுபிடித்ததுதான்.

*"கேட்டால் தருவோம்"*

நிறுவனம் சும்மா இருந்ததா என்றால், இல்லை. 1962ல், கூடுதல் பணம் கட்டினால் முன்பக்கக் கம்பி, கெட்டியான ஸ்பிரிங், பின் ஆக்சில் ரொம்பத் தொங்காமல் பிடிக்கும் பட்டைகள் அடங்கிய ஒரு தொகுப்பு கிடைத்தது. ஆனால் அது ஆப்ஷன். யார் கேட்பார்கள்? பந்தயப் பத்திரிகை படிப்பவர் கேட்பார். குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்துப்போக வண்டி வாங்கும் ஒரு தாய்க்கு, அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆபத்து தெரிந்தவனுக்குத் தீர்வு கிடைத்தது. தெரியாதவனுக்கு ஆபத்து மட்டும் கிடைத்தது.

1961 இறுதியில் செவர்லேயின் தலைவராக வந்தவர் பங்கி நுட்சன். அவருடைய உறவுப் பெண் ஒருவர் கோர்வேர் விபத்தில் மோசமாகக் காயமடைந்தார் என்றும், திருத்தத்துக்கு அனுமதி தராவிட்டால் பதவி விலகுவேன் என்று மேலிடத்தில் அவர் சொன்னார் என்றும், அங்கே உயர் பதவியில் இருந்த ஜான் டெலோரியன் பின்னாளில் வெளிவந்த புத்தகத்தில் சொல்கிறார். திருத்தத்தின் செலவு வண்டிக்குச் சுமார் 15 டாலர் என்கிறார்.

1964 மாடலில் திருத்தம் வந்தது. முன்னால் கம்பி, பின்னால் குறுக்கு லீஃப் ஸ்பிரிங், எல்லா வண்டிக்கும். பின்பக்கக் காயில்களை மென்மையாக்கி, லீஃப் ஸ்பிரிங்கை எடையில் ஒரு பங்கைச் சுமக்க வைத்தார்கள். ஆம், பின்பக்கத்தைக் கெட்டியாக்கவில்லை, மென்மையாக்கினார்கள். 1965ல் ஸ்விங் ஆக்சிலையே விட்டுவிட்டு, ஒவ்வொரு பக்கமும் இரண்டு மூட்டுகள் வைத்த புதிய அமைப்பைக் கொண்டுவந்தார்கள். 1963 கோர்வெட் ஸ்போர்ட்ஸ் காரில் இருந்த மாதிரி. அந்த 1965 கோர்வேரை அந்த நாளைய அமெரிக்கக் கார்களில் மிகச் சிறந்த சஸ்பென்ஷன் கொண்டவற்றில் ஒன்று என்று இன்றும் சொல்கிறார்கள்.

*நீதிமன்றமும் செனட்டும்*

ஆனால் 1960 முதல் 1963 வரை விற்ற வண்டிகள் சாலையில்தான் இருந்தன. வழக்குகள் குவிந்தன, 100க்கு மேல். கலிபோர்னியாவில் ஒரு பெண்மணியின் கார் கவிழ்ந்து அவர் ஒரு கையை இழந்தார். அந்த வழக்கு விசாரணையின்போது நிறுவனம் 70,000 டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது.

1965 நவம்பர் இறுதியில் ரால்ஃப் நேடர் என்ற இளம் வழக்கறிஞரின் புத்தகம் வந்தது. 'அன்சேஃப் அட் எனி ஸ்பீட்', எந்த வேகத்திலும் பாதுகாப்பில்லை என்று பொருள். முதல் அத்தியாயமே கோர்வேர். வீட்டில் மாட்டும் காம்பென்சேட்டர் கடையில் விற்றதையும் அவர் விடவில்லை. தீர்வு இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி என்பது வாதம்.

ஜெனரல் மோட்டார்ஸ் செய்த காரியம்தான் வேடிக்கை. புத்தகத்துக்குப் பதில் எழுதாமல், நேடரின் சொந்த வாழ்க்கையைத் துருவத் துப்பறிவாளர்களை ஏவியது. விஷயம் வெளியே வந்துவிட்டது. 1966 மார்ச்சில் நிறுவனத்தின் தலைவர் ஜேம்ஸ் ரோச், செனட் குழுவின் முன்னால் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டார். யாரும் அதிகம் அறியாத ஒரு வழக்கறிஞர் ஒரே நாளில் நாடறிந்தவர் ஆனார். அதே ஆண்டு செப்டம்பர் 9 அன்று, வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்டார். கார்களுக்குப் பாதுகாப்பு விதிகளை அரசாங்கமே வகுக்கும் அதிகாரம் அதிலிருந்து வந்தது. 1970ல் நேடருக்கு நிறுவனம் 4,25,000 டாலர் கொடுத்து வழக்கை முடித்தது.

இதில் ஒரு சோகமும் உண்டு. புத்தகம் வந்தபோது கடையில் நின்றது திருந்திய, நல்ல கோர்வேர். பெயர் கெட்டதால் அதையும் வாங்க ஆளில்லை. போட்டிக்கு ஃபோர்டு மஸ்டாங் வேறு வந்துவிட்டது. 1965ல் 2 லட்சத்துக்கு மேல் விற்ற வண்டி, 1966ல் ஏறத்தாழ 1 லட்சமாகச் சரிந்தது. 1969ல் தயாரிப்பே நின்றது.

*மறுபக்கம்*

வரலாறு என்றால் இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை, பழைய கோர்வேரை ஃபோர்டு ஃபால்கன், பிளிமத் வேலியண்ட், பீட்டில், ரெனால்ட் டாஃபின் ஆகியவற்றோடு வைத்துச் சோதித்து 1972ல் அறிக்கை வெளியிட்டது. முடிவு என்ன தெரியுமா? 1960–63 கோர்வேர் அதே காலத்து மற்ற கார்களைவிட அசாதாரணமாகக் கட்டுப்பாடு இழக்கக்கூடியது அல்ல. நேடர் அதை ஏற்கவில்லை. கோர்வேர் பிரியர்கள் இன்றும் அந்த அறிக்கையை எடுத்துக் காட்டுகிறார்கள்.

என் கருத்தைக் கேட்டால், இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியும். மற்றவற்றைவிட மோசமில்லை என்பது, அந்தக் காலத்து எல்லாக் கார்களையும் பற்றிய செய்தி. ஆனால் ஆபத்து தெரிந்திருந்தது, மருந்து தெரிந்திருந்தது, அதன் விலையும் குறைவு. மூன்றும் தெரிந்த பிறகு நான்கு ஆண்டுகள் மருந்தை எல்லோருக்கும் கொடுக்காமல் இருந்தது சரியா என்ற கேள்விக்கு அந்த அறிக்கை பதில் சொல்லவில்லை. அது சோதனைச் சாலையில் அளக்கக்கூடிய விஷயமும் இல்லை.

மற்ற நிறுவனங்களும் மெல்ல மெல்ல மாறின. பிரிட்டனில் ஹெரால்டின் தம்பியான ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயருக்கு 1970ல், ஒரு லீஃப் மட்டும் இறுக்கமாகவும் மற்றவை ஆடும்படியும் வைத்த ஸ்பிரிங் வந்தது. பழைய ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்கள் இன்றும் அந்தப் புது ஸ்பிரிங்கை வாங்கி வீட்டில் மாற்றிக்கொள்கிறார்கள். அமெரிக்காவுக்குப் போன பீட்டில்களில் 1969 மாடலோடு ஸ்விங் ஆக்சில் போயிற்று. நம் மெட்ராஸ் ஹெரால்டுக்குப் பிறகு 1972ல் வந்த ஸ்டாண்டர்டு கேஸல் காரில் ஸ்விங் ஆக்சிலை எடுத்துவிட்டு, இரண்டு சக்கரத்தையும் ஒரே தண்டில் கோர்த்த பழைய ஆக்சிலையே போட்டார்கள்.

*கராஜில் இருக்கும் பிள்ளைகளுக்கு*

இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பழைய வேகக் காரின் சஸ்பென்ஷனைத் திருத்தப் போகிறவர்களுக்கு, இந்த வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ளச் சில விஷயங்கள்:

1. முதலில் அளந்து எழுதுங்கள். நான்கு சக்கரத்துக்கும் மேலே மட்கார்டு விளிம்பு தரையிலிருந்து எத்தனை அங்குலம், டயரில் எத்தனை பவுண்டு காற்று, சக்கரம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது. மாற்றிய பிறகு மறுபடி அளங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சோதனைக்கூட நோட்டு எழுதினீர்களே, அதே பழக்கம்தான்.

2. புதியதை மாட்டுவதற்கு முன்னால் பழையதைச் சரிசெய்யுங்கள். 50 வயதான காரில் ரப்பர் புஷ்கள் இறுகி வெடித்திருக்கும், பால் ஜாயிண்ட் ஆடும், ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்திருக்கும். இவற்றை மாற்றினாலே பாதி வேலை முடிந்தது. ரப்பர் புஷ் போல்ட்டுகளைக் கடைசியாக முறுக்கும்போது வண்டியின் எடை சக்கரத்தின் மேல் இருக்க வேண்டும். தொங்கவிட்டு முறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியும்.

3. வண்டியைத் தாழ்த்த வேண்டும் என்று காயில் ஸ்பிரிங்கை அறுக்கிறவர்கள் உண்டு. ஹூக் விதியை மறந்துவிடாதீர்கள். சுற்று குறைந்தால் கெட்டித்தன்மை கூடும். வேலை செய்யும் 8 சுற்றில் 1 சுற்றை அறுத்தால் 7க்கு 8 என்ற விகிதத்தில், அதாவது சுமார் 14 சதவீதம் கெட்டியாகிவிடும். பழைய ஷாக் அதை அடக்காது. ஸ்பிரிங் தாங்குகிறது, ஷாக் அதன் துள்ளலை அடக்குகிறது. ஒன்றை மாற்றினால் மற்றதையும் பார்க்க வேண்டும்.

4. எந்த முனையைக் கெட்டியாக்குகிறோம் என்று யோசியுங்கள். பின்பக்கம் வழுக்கினால் பின்பக்கத்தைக் கெட்டியாக்கத்தான் கை போகும். கோர்வேருக்குக் கிடைத்த மருந்து நேர் எதிர்: முன்பக்கம் கம்பி, பின்பக்கம் மென்மை.

5. ஸ்விங் ஆக்சில் வண்டியில் அகலமான, நல்ல பிடிமானமுள்ள புது டயரை மட்டும் போட்டு விட்டுவிடாதீர்கள். பிடிமானம் கூடினால் ஏணியைத் தள்ளும் விசையும் கூடும். மடங்குவதைத் தடுக்க ஏற்பாடு செய்த பிறகே டயர். முன்பின் காற்று வித்தியாசத்தையும் காப்பாற்றுங்கள். அந்த அளவை ஒரு சீட்டில் எழுதிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள், காற்று அடிப்பவர் பார்க்கட்டும்.

6. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம். அமுக்கிய காயில் ஸ்பிரிங்கில் ஒரு ஆளைக் கொல்லும் அளவுக்கு ஆற்றல் இருக்கிறது. கம்ப்ரசர் இல்லாமலும் சங்கிலி கட்டாமலும் கழற்ற வேண்டாம். சந்தேகம் இருந்தால் அந்த ஒரு வேலையைப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கோர்வேர் வைத்திருப்பவர்களுக்கு 1969லேயே தொடங்கிய ஒரு சங்கம் உண்டு, கோர்சா என்று பெயர். இன்றும் இயங்குகிறது. அப்படிப்பட்ட சங்கங்களில் உங்கள் வண்டியை ஏற்கெனவே பத்துத் தடவை கழற்றியவர்கள் இருப்பார்கள். கேளுங்கள், சொல்லித்தருவார்கள்.

கடைசியாக ஒன்று, இது கார் வைத்திருக்காதவர்களுக்கும். உங்களில் பலர் இன்று பொறியாளர்களாக, மருந்து நிறுவனங்களில், மென்பொருள் நிறுவனங்களில், அரசு அலுவலகங்களில் இருக்கிறீர்கள். உங்கள் மேசைக்கும் ஒருநாள் இப்படி ஒரு 15 டாலர் கேள்வி வரும். "இதை எல்லோருக்கும் போட வேண்டாம், கேட்பவர்களுக்கு மட்டும் கொடுக்கலாம்" என்று யாராவது சொல்வார்கள். அப்போது, கேட்கத் தெரியாத அந்த மனிதர் யார் என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஹெரால்டு ஓட்டிய உறவினர்கள் அந்த வண்டி வளைவில் எப்படி நடந்துகொண்டது என்று கீழே எழுதுங்கள். கராஜ் பிள்ளைகள் உங்கள் வண்டியின் மாடலும் வருடமும் போட்டுக் கேளுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மீதியை இங்கே இருக்கும் மெக்கானிக்கல் படித்த உங்கள் சீனியர்கள் சொல்வார்கள்.